சர், லார்டு, ஹைனஸ்: பிரிட்டிஷ் பட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பழைய திறப்புவிழாக் கல்லைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் 'சர்', பின்னால் 'கே.சி.ஐ.இ.' என்று செதுக்கியிருப்பார்கள். இன்றைய செய்தியில் ஒருவருக்கு ஓ.பி.இ. கிடைத்தது என்று வருகிறது. இன்னொரு செய்தியில் இளவரசர் ஒருவரின் பட்டம் பறிபோனது என்று வருகிறது. இவை எல்லாவற்றையும் 'பிரிட்டிஷ் பட்டம்' என்ற ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கொடுப்பது யார், தேர்வு யார் கையில், அது பரம்பரையாக இறங்குமா என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்கள் அந்த வழியிலேயே போகின்றன.

பிரிட்டனில் யாருக்கெல்லாம் பெயருக்கு முன் 'சர்' போடலாம்?

மூன்று வகையினருக்கு.

முதல் வகை நைட் பேச்சிலர். எந்த ஆர்டரிலும் சேராமல் தனியாக நிற்கும் பட்டம் இது. சி.வி. இராமனுக்கு 1929இல் கிடைத்தது இதுதான். நோபல் பரிசு அடுத்த வருடம்தான் வந்தது. இங்கிலாந்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாகும் ஆண்களுக்கும் வழக்கமாக இதையே கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, ஆர்டர்களின் மேல்படிகளில் இருப்பவர்கள். கே.பி.இ., கே.சி.எம்.ஜி., ஜி.சி.பி. என்று பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளிலிருந்து இவர்களைக் கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது பாரனெட். முதலாம் ஜேம்ஸ் அரசர் 1611இல் பணம் திரட்டுவதற்காகத் தொடங்கிய பட்டம். மற்ற இரண்டும் ஆளோடு போய்விடும். இது மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். பம்பாய்ப் பார்சி வணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாய் 1857இல் பாரனெட் ஆனார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.

ஆர்டர் என்கிறார்களே, அது என்ன? விருதா, பதக்கமா?

ஆர்டர் என்பது ஒரு சபை. அரசர்தான் அதன் தலைவர். பட்டம் பெறுபவர் அதில் உறுப்பினராகச் சேர்கிறார். கழுத்திலோ மார்பிலோ அணிவது அந்த உறுப்பினர் அடையாளம். அதனால்தான் பல ஆர்டர்களுக்குச் சொந்தமாகத் தேவாலயம், மேலங்கி, இலச்சினை வாசகம், ஆட்கணக்கில் உச்சவரம்பு எல்லாம் உண்டு. உறுப்பினர் இறந்தால் உறுப்பினர் தகுதியும் அதோடு முடிகிறது. பட்டம் பறிக்கப்படுவது பற்றிய கேள்வியில் இந்த விஷயம் மறுபடியும் வரும்.

இவற்றில் மிகப் பழையது எது?

கார்ட்டர் ஆர்டர். மூன்றாம் எட்வர்டு 1348 வாக்கில் தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே காலுறை நழுவாமல் கட்டும் பட்டைக்குத்தான் கார்ட்டர் என்று பெயர். ஒரு நடன விருந்தில் சீமாட்டி ஒருவரின் கார்ட்டர் நழுவி விழுந்தது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அரசர் அதை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு 'இதில் தப்பாக நினைப்பவனுக்கே வெட்கக்கேடு' என்று பிரெஞ்சில் சொன்னார் என்பது கதை. கதை நடந்ததோ இல்லையோ, அந்த வாசகம்தான் இன்றுவரை ஆர்டரின் வாசகம். நீல வெல்வெட் பட்டையில் தங்க எழுத்தில் பொறித்திருப்பார்கள். ஆண்கள் இடது காலில் அணிவார்கள், பெண்கள் இடது கையில்.

அரசரையும் வேல்ஸ் இளவரசரையும் தவிர 24 பேர்தான் இதில் இருக்க முடியும். அரச குடும்பத்தாரும் வெளிநாட்டு அரசர்களும் கூடுதல் கணக்கு. புதியவர்களின் பெயர் வழக்கமாக புனித ஜார்ஜ் நாளான ஏப்ரல் 23இல் வெளியாகும். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விண்ட்சர் கோட்டையிலிருந்து புனித ஜார்ஜ் தேவாலயம் வரை நீல வெல்வெட் மேலங்கியும் வெள்ளை இறகு வைத்த கறுப்புத் தொப்பியுமாக உறுப்பினர்கள் நடந்து போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தேவாலயத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை, மேலே அவருடைய கொடி. ஆள் இறந்ததும் கொடியை இறக்கிவிடுவார்கள். இருக்கையின் பின்புறம் அடித்த உலோகத் தகடு மட்டும் அங்கேயே இருக்கும். அதனால் ஒரே இருக்கையின் பின்னால் பல நூற்றாண்டுத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

1946 முதல் இதற்கு ஆள் தேர்ந்தெடுப்பது முழுக்க அரசரின் விருப்பம், பிரதமர் தலையிட முடியாது. சர்ச்சில் 1945இல் தேர்தலில் தோற்றபோது இதை வேண்டாம் என்றார், 1953இல் ஏற்றுக்கொண்டார். ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோவின் பெயரை 1941இல் அடித்துவிட்டு 1971இல் திரும்பச் சேர்த்தார்கள். உலக அரசியல் முழுவதும் அந்தச் சின்னப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது.

மற்ற ஆர்டர்கள்?

ஸ்காட்லாந்துக்கு திஸில் ஆர்டர். 16 பேர், எடின்பரோவின் புனித கைல்ஸ் தேவாலயம். அயர்லாந்துக்கு 1783இல் தொடங்கிய புனித பாட்ரிக் ஆர்டரின் கடைசி உறுப்பினர் 1974இல் இறந்தார், அதன் பிறகு அதில் யாரும் இல்லை. பாத் ஆர்டர் 1725இல் முதலாம் ஜார்ஜ் அமைத்தது. பட்டம் பெறுவதற்கு முந்தைய இரவு குளித்துத் தூய்மையாகும் பழைய சடங்கிலிருந்து பெயர் வந்தது. இன்று இது மூத்த படை அதிகாரிகளுக்கும் அரசுச் செயலர்களுக்கும் போகிறது. புனித மைக்கேல், புனித ஜார்ஜ் ஆர்டர் 1818இல் வந்தது, தூதர்களுக்கும் குடியேற்ற நாட்டுப் பணியாளர்களுக்கும் உரியது. 1896இல் வந்த ராயல் விக்டோரியன் ஆர்டர் அரச குடும்பத்துக்கு நேரடியாகச் செய்த சேவைக்கு.

ஆர்டர் ஆஃப் மெரிட் தனி ரகம். ஏழாம் எட்வர்டு 1902இல் தொடங்கினார். அதிலும் 24 பேர்தான். 'சர்' கிடையாது, ஓ.எம். என்ற இரண்டு எழுத்து மட்டும். ஆனால் அறிவுலகத்தில் இதைவிடப் பெரிய மரியாதை பிரிட்டனில் இல்லை என்பது என் எண்ணம். 1907இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இதைப் பெற்ற முதல் பெண். நம் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனுக்கும் அன்னை தெரசாவுக்கும் கௌரவ உறுப்பினர் தகுதி தந்தார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் 2022இல் சேர்ந்தார்.

கே.சி.ஐ.இ., கே.சி.எஸ்.ஐ., சி.ஐ.இ. என்று பழைய கல்வெட்டுகளில் இருப்பவை எவை?

இந்தியாவுக்கென்றே செய்த இரண்டு ஆர்டர்கள். ஸ்டார் ஆஃப் இந்தியா 1861இல், அதாவது 1857 எழுச்சி அடங்கி ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியின் கைக்குப் போன கொஞ்ச காலத்தில் வந்தது. சமஸ்தான மன்னர்களையும் பெரிய அதிகாரிகளையும் அரசியோடு பிணைத்து வைக்கும் கயிறு அது. பிரிட்டனின் பழைய ஆர்டர்களில் பலவற்றுக்குக் கிறிஸ்தவப் புனிதர் ஒருவர் காவலாக இருப்பார். இதில் ஒரு நட்சத்திரத்தையும் 'விண்ணொளியே நம் வழிகாட்டி' என்ற வாசகத்தையும் மட்டும் வைத்தார்கள். ஜி.சி.எஸ்.ஐ., கே.சி.எஸ்.ஐ., சி.எஸ்.ஐ. என்று மூன்று படி.

இரண்டாவது இந்தியப் பேரரசு ஆர்டர், 1878இல் வந்தது. இதன் பின்னணியைத் தமிழர்கள் மறக்கக்கூடாது. விக்டோரியா 'இந்தியாவின் பேரரசி' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டதை 1877 ஜனவரி 1இல் டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி அறிவித்தார் வைஸ்ராய் லிட்டன். அதே சமயத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். கொத்துக்கொத்தாக மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேரரசிப் பட்டத்தின் நினைவாக ஏற்படுத்தியதுதான் இந்த ஆர்டர். ஜி.சி.ஐ.இ., கே.சி.ஐ.இ., சி.ஐ.இ. என்பவை இதன் படிகள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி டி. முத்துசாமி ஐயர், ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருவரும் கே.சி.ஐ.இ.

ஒரு நுணுக்கம். கே-யும் ஜி-யும் இருந்தால் 'சர்' உண்டு. வெறும் சி.ஐ.இ., சி.எஸ்.ஐ. என்றால் கிடையாது.

விடுதலையை ஒட்டி இரண்டிலும் புதிய நியமனம் நின்றது. ஆனாலும் உறுப்பினர்கள் நெடுங்காலம் உயிரோடிருந்தார்கள். ஸ்டார் ஆஃப் இந்தியாவின் கடைசி நைட் ஆல்வார் மகாராஜா 2009இலும், இந்தியப் பேரரசு ஆர்டரின் கடைசி நைட் திராங்கத்ரா மகாராஜா 2010இலும் இறந்தார்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கும் இதே பட்டங்கள்தானா?

இல்லை, இலங்கை வேறு கணக்கு. இலங்கை இந்தியப் பேரரசின் பகுதியாக ஆளப்படவில்லை, தனிக் குடியேற்ற நாடு. அதனால் அங்கே புனித மைக்கேல், புனித ஜார்ஜ் ஆர்டர்தான் வழக்கம். சென்னையில் ஒரு பெரிய அதிகாரிக்கு சி.ஐ.இ. என்றால், கொழும்பில் அதே நிலையில் இருப்பவருக்கு சி.எம்.ஜி. சர் பொன்னம்பலம் இராமநாதன் முதலில் சி.எம்.ஜி. பெற்று, 1921இல் நைட் ஆனார். அவருடைய தாய்மாமனான முத்துக்குமாரசுவாமிக்கு 1874இலேயே சர் பட்டம் கிடைத்திருந்தது. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை அவர்.

ராவ் பகதூர், திவான் பகதூர் என்பவையும் இந்த வரிசையில் வருமா?

வராது. அவை வைஸ்ராயின் அரசு இந்தியாவுக்குள் கொடுத்த பட்டங்கள், எந்த ஆர்டரும் இல்லை. தென்னிந்திய இந்துக்களுக்கு ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கும் மேல் திவான் பகதூர். முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். ஒருவருக்கே இரண்டு வகையும் இருப்பது சாதாரணம். அண்ணாமலைச் செட்டியார் முதலில் 'சர்' ஆகி, 1929இல் பரம்பரை 'ராஜா'வும் ஆனார். அதனால்தான் 'ராஜா சர்' என்று சேர்த்து எழுதுகிறோம்.

சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. என்று செய்தியில் வருகிறதே, இவற்றில் எது பெரியது?

மூன்றும் பிரிட்டிஷ் பேரரசு ஆர்டரின் படிகள். ஐந்தாம் ஜார்ஜ் 1917 ஜூனில், முதல் உலகப் போரின் நடுவில் தொடங்கினார். போர்முனையில் இல்லாமல் ஆலையிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்களுக்கு மரியாதை செய்ய அதுவரை வழியில்லை. தொடக்கத்திலிருந்தே பெண்களுக்கும் எல்லாப் படியிலும் இடம் இருந்தது.

மேலிருந்து கீழே ஜி.பி.இ.; அடுத்து ஆண்களுக்குக் கே.பி.இ., பெண்களுக்கு டி.பி.இ.; பிறகு சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. மேல் இரண்டு படிகளுக்குத்தான் சர் அல்லது டேம். நம் ஊர்ச் செய்திகளில் ஓ.பி.இ. வாங்கியவரையெல்லாம் 'சர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

இந்த ஆர்டரில் தமிழர்களுக்கு ஒரு நெருக்கமான கதை உண்டு. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்துக்கு 2019இல் எம்.பி.இ. அறிவித்தார்கள். அவருடைய குடும்பம் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலம் தெரியாத அவருடைய அம்மாவுக்கு அங்கே கிடைத்த வேலை கைத்தையல். அவர் பல வருடம் கையால் தைத்தது இதே பதக்கங்களின் ரிப்பன்களை. ஓரத்தில் முத்துச் சாம்பல் கோடு போட்ட ரோஜா நிற ரிப்பன் அது. அம்மாவின் அந்த உழைப்புக்காகவே இதை ஏற்றுக்கொள்வதாக எம்.ஐ.ஏ. அப்போது எழுதினார். பேரரசு என்ற சொல்லின் மேல் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த ரிப்பனை அவர் சட்டையில் மாட்டியதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ரத்தன் டாட்டாவுக்குக் கே.பி.இ. கொடுத்தார்களே, பிறகு ஏன் 'சர் ரத்தன் டாட்டா' என்று சொல்வதில்லை?

அவருக்கு 2009இல் கே.பி.இ., 2014இல் ஜி.பி.இ. இரண்டும் கௌரவப் பட்டங்கள். பிரிட்டிஷ் அரசரைத் தங்கள் நாட்டின் தலைவராகக் கொள்ளாத நாட்டுக் குடிமக்களுக்குக் கொடுப்பது எல்லாமே இப்படித்தான். எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், 'சர்' போட முடியாது, தோளில் வாளும் வைக்கமாட்டார்கள். பில் கேட்ஸ், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், பண்டிட் ரவிசங்கர் எல்லாரும் இதே நிலைதான். அயர்லாந்துக் குடிமகனான பாடகர் பாப் கெல்டாஃபை உலகமே 'சர் பாப்' என்கிறது. முறைப்படி அது சரியில்லை.

வெங்கி இராமகிருஷ்ணன் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அதனால் 2012இல் அவருக்குக் கிடைத்தது முழுமையான சர் பட்டம். ஆனால் அவர் பொதுவாக அதைப் பெயருக்கு முன் போட்டுக்கொள்வதில்லை.

'சர்'ருக்குப் பிறகு எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்? மனைவிக்கு என்ன பட்டம்?

சொந்தப் பெயர்தான் ஒட்டும், குடும்பப் பெயர் ஒட்டாது. 'சர் வின்ஸ்டன்' சரி, 'சர் சர்ச்சில்' தவறு. தலைப்பெழுத்து வைக்கும் நம் பெயர்களில் இந்த விதி சரியாகப் பொருந்தவில்லை. அதற்கு நம் ஆட்களே ஒரு வழி கண்டார்கள். திருவிதாங்கூர் திவானாக இருந்த சி.பி. இராமசாமி ஐயரை எல்லாரும் 'சர் சி.பி.' என்றே கூப்பிட்டார்கள்.

சர் பட்டம் பெற்றவரின் மனைவி 'லேடி'. அவருக்குப் பின்னால் கணவரின் குடும்பப் பெயர் வரும். சொந்தப் பெயரோடு 'லேடி' சேர்த்தால் அவர் பிரபு வீட்டு மகள் என்று ஆகிவிடும். கல்யாணத்துக்கு முன் 'லேடி டயானா ஸ்பென்சர்' என்றது அதனால்தான். அவர் தந்தை ஒரு ஏர்ல். டேம் பட்டம் பெற்ற பெண்ணின் கணவருக்கு எதுவும் கிடையாது. இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் சரிசெய்யாமல் வைத்திருப்பதற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

பட்டமளிப்பு விழாவில் என்ன நடக்கும்?

பக்கிங்காம் அரண்மனையிலோ விண்ட்சர் கோட்டையிலோ நடக்கும். அரசரோ, அவர் சார்பில் வேல்ஸ் இளவரசரோ இளவரசி ஆனோ கொடுப்பார்கள். முன்கூட்டியே ஒவ்வொருவரின் உடையிலும் சின்னக் கொக்கி ஒன்றைக் குத்திவைத்துவிடுவார்கள். கொடுப்பவர் பதக்கத்தை அதில் மாட்டினால் போதும், துணியில் ஊசி குத்தித் தடுமாற வேண்டியதில்லை.

நைட் ஆகிறவர் கைப்பிடி வைத்த ஒரு மெத்தைப் பீடத்தில் வலது முழங்காலை மடக்கி அமர்வார். வாளின் தட்டைப் பக்கம் முதலில் வலது தோளிலும் பிறகு இடது தோளிலும் மெல்லப் படும். ஆறாம் ஜார்ஜ், இளவரசராக இருந்து ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைக்குக் கர்னலாக இருந்தபோது வைத்திருந்த வாள் அது. 'எழுந்திரு, சர் இன்னார்' என்று அரசர் சொல்வதெல்லாம் சினிமாவில்தான். இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாருக்கு இந்தப் பட்டம் கிடைத்தாலும் வாள் தொடமாட்டார்கள், அவர்களும் 'சர்' போட்டுக்கொள்வதில்லை.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? காசு கொடுத்து வாங்க முடியுமா?

கார்ட்டர், திஸில், மெரிட், ராயல் விக்டோரியன் நான்கும் அரசரின் சொந்தத் தேர்வு. மற்றவற்றில் பெரும்பாலானவை பொதுமக்களின் பரிந்துரையாகவோ அரசுத் துறைகள் வழியாகவோ வந்து, குழுக்கள் சலித்து, பிரதமர் வழியாக அரசரிடம் போகும். யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். முடிவு தெரிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். புத்தாண்டிலும் ஜூனில் அரசரின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாளிலும் பட்டியல் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் வெளியாகும்.

ஒரு காலத்தில் காசுக்கு விற்றார்கள் என்பது உண்மை. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் சர் பட்டத்துக்கு 10,000 பவுண்டு என்று விலையே பேசப்பட்டது, தரகர்கள் இருந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு 1925இல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி தண்டனை பெற்ற தரகர் மான்டி கிரெகரி, அது 1933இல். கட்சிகளுக்குப் பெரிய நன்கொடை தந்தவர்களின் பெயர் பட்டியலில் வரும்போதெல்லாம் இந்தச் சட்டத்தைப் பற்றிய பேச்சு இன்றும் எழுகிறது. எழ வேண்டியதுதான்.

லார்டு என்பவர் சர் பட்டத்துக்கு மேலா?

ஆமாம், அது பிரபுப் பட்டம். டியூக், மார்குவெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று ஐந்து படி. முன்பு பரம்பரையாக இறங்கியது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, உயிரோடிருக்கும் வரைக்குமான பாரன் பட்டமே வழக்கமாகிவிட்டது. பிரபுக்கள் சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர் வங்காளத்தின் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919இல்.

யார் இளவரசர், யார் இல்லை? ஹாரியின் பிள்ளைகளுக்கு முதலில் பட்டம் இல்லை, பிறகு எப்படி வந்தது?

ஐந்தாம் ஜார்ஜ் 1917இல் போட்ட விதிதான் இன்றும் அடிப்படை. அரசரின் பிள்ளைகள், அரசரின் மகன்களின் பிள்ளைகள், வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுடைய மூத்த மகன் ஆகியோருக்கு மட்டுமே இளவரசர் பட்டமும் ராயல் ஹைனஸ் அடைமொழியும். மகள் வழியில் இறங்காது. அதனால் இளவரசி ஆனின் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை.

2012 கடைசியில் எலிசபெத் அரசி ஒரு மாற்றம் செய்தார். வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டம் என்றார். வில்லியமின் மகள் சார்லட்டுக்கும் இளைய மகன் லூயிக்கும் அதனால்தான் பிறந்தபோதே கிடைத்தது. ஹாரியின் மகன் ஆர்ச்சி பிறந்தபோது அரசியின் கொள்ளுப்பேரன், அந்த விதிக்குள் வரவில்லை. 2022 செப்டம்பர் 8இல் சார்லஸ் அரசரானதும் அரசரின் மகனுடைய பிள்ளையாகிவிட்டான். புதிதாக யாரும் எதுவும் கொடுக்கவில்லை. 1917 விதி தானாக வேலை செய்தது.

மணமுறிவானால் மனைவி ராயல் ஹைனஸ் அடைமொழியை இழப்பார். 1996இல் டயானாவுக்கு அதுதான் நடந்தது. அதன் பிறகு அவர் முறையான பெயர் 'டயானா, வேல்ஸ் இளவரசி'. எதிர்கால அரசரின் தாயாரிடமிருந்து அதை எடுத்தது அன்று பலருக்கும் உறுத்தியது, எனக்கும் அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை.

இளவரசராகப் பிறந்தவரிடமிருந்தே பட்டத்தை எடுக்க முடியுமா என்றால், முடியும். 2025 அக்டோபரில் சார்லஸ் அரசர் தன் தம்பி ஆன்ட்ரூவின் பட்டங்களை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கினார். இப்போது அவர் வெறும் ஆன்ட்ரூ மவுன்ட்பேட்டன் விண்ட்சர்.

அரசரின் மனைவி ராணி என்றால், அரசியின் கணவர் ஏன் ராஜா இல்லை?

மனைவிக்குக் கணவரின் தகுதி வரும், கணவருக்கு மனைவியின் தகுதி வராது என்ற பழைய வழக்கம்தான். கமிலா ராணியானார், ஃபிலிப் 70 ஆண்டுக்கு மேல் அரசியின் பக்கத்தில் நின்றும் டியூக்காகவே இருந்தார். இளவரசர் என்ற பட்டத்தைக்கூட அரசி அவருக்கு 1957இல்தான் கொடுத்தார்.

அரசரை நேரில் பார்த்தால் எப்படிக் கூப்பிட வேண்டும்?

முதல் தடவை 'யுவர் மெஜஸ்டி', அப்புறம் 'சர்'. ராணியிடம் முதலில் அதே, பிறகு 'மேம்'. தலை வணங்குவது வழக்கம், கட்டாயமில்லை.

பட்டத்தை மறுத்தவர்கள், திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டா?

நிறைய. ஓவியர் எல்.எஸ். லவ்ரி ஐந்து முறை மறுத்தார். பாடகர் டேவிட் போவி சர் பட்டம் வேண்டாம் என்றார். கவிஞர் பெஞ்சமின் செஃபனையா 2003இல் ஓ.பி.இ.யை மறுத்தபோது, 'பேரரசு' என்ற சொல் தன் முன்னோர் பட்ட அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது என்றார். பீட்டில்ஸ் குழுவுக்கு 1965இல் எம்.பி.இ. கிடைத்தது, ஜான் லெனன் 1969இல் திருப்பி அனுப்பினார்.

தாகூர் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919இல் சர் பட்டத்தைத் துறந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்பே சென்னையில் ஒருவர் அதைச் செய்துவிட்டார் என்பது நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிவதில்லை. அவர் மணி ஐயர் என்று மக்கள் அழைத்த எஸ். சுப்பிரமணிய ஐயர். 1842இல் மதுரையில் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1900இல் கே.சி.ஐ.இ. பெற்றவர். பிரிட்டிஷ் ஆட்சி ஓர் இந்தியருக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்தவர்.

1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை அரசு காவலில் வைத்தது. எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த மணி ஐயர் ஹோம் ரூல் இயக்கத்தின் சார்பில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவின் நிலையைச் சொல்லி, சுயாட்சிக்கு ஆதரவு கேட்டார். அஞ்சலில் போட்டால் தணிக்கையில் சிக்கும் என்று ஓர் அமெரிக்கத் தம்பதியிடம் கொடுத்தனுப்பினார்கள். விஷயம் வெளியானதும் இந்திய விவகாரங்களைப் பார்த்த பிரிட்டிஷ் அமைச்சர் மான்டேகு லண்டன் நாடாளுமன்றத்தில் அவரைக் கண்டித்தார்; வைஸ்ராயும் கண்டித்தார். பட்டம் வாங்கிய ஒருவர் இப்படிச் செய்யலாமா என்ற தொனி அதில் இருந்தது. மணி ஐயர் 1918இல் கே.சி.ஐ.இ.யையும் திவான் பகதூர் பட்டத்தையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வலங்கைமான் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி இன்னொரு வகை. மிதவாதி, பேரரசோடு பேசித் தீர்க்கலாம் என்று நம்பியவர். அவரும் 1928இல் கே.சி.எஸ்.ஐ.யை மறுத்தார். பிறகு 1930இல் கம்பானியன் ஆஃப் ஆனர் என்ற, 'சர்' சேராத மரியாதையை ஏற்றார்.

கொடுத்த பட்டத்தைப் பறிக்க முடியுமா?

முடியும். அயர்லாந்து விடுதலைக்காக நின்ற ரோஜர் கேஸ்மென்டின் பட்டத்தை 1916இல் தூக்கிலிடும் முன் பறித்தார்கள். சோவியத் உளவாளியென்று வெளிப்பட்ட கலை அறிஞர் அந்தனி பிளன்ட் 1979இல் இழந்தார். ஜிம்பாப்வேயின் முகாபேயிடமிருந்து கௌரவப் பட்டத்தை 2008இலும், வங்கி வீழ்ச்சிக்குப் பிறகு வங்கித் தலைவராக இருந்த ஃபிரெட் குட்வினின் சர் பட்டத்தை 2012இலும் எடுத்தார்கள்.

இறந்தவரிடமிருந்து எடுப்பதில்தான் சிக்கல். தொலைக்காட்சிப் பிரபலம் ஜிம்மி சாவில் செய்த பாலியல் கொடுமைகள் அவர் 2011இல் இறந்த பின் வெளிவந்தன. பட்டத்தைப் பறியுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். இறப்போடு பட்டம் முடிந்துவிட்டது, எடுக்க எதுவும் இல்லை என்ற பதில்தான் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது எவ்வளவு வெறுமையான பதில் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று ஓர் இந்தியக் குடிமகன் சர் பட்டம் ஏற்க முடியுமா?

முடியாது. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, வெளிநாட்டு அரசு தரும் எந்தப் பட்டத்தையும் இந்தியக் குடிமகன் ஏற்கக்கூடாது என்கிறது. உள்நாட்டிலும் படைத்துறை, கல்வித் தகுதிகளைத் தவிர வேறு பட்டம் கொடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. அப்படியானால் பாரத ரத்னா, பத்ம விருதுகள்? 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. அவை விருதுகள், பட்டங்கள் அல்ல, எனவே செல்லும். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்த்து எழுதக்கூடாது. 'பத்மஸ்ரீ' என்று பெயருக்கு முன் போட்டு அச்சிடும் அழைப்பிதழ்கள் எல்லாம் இந்தத் தீர்ப்புக்கு மாறானவை.

எங்கள் தாத்தாவுக்குப் பட்டம் இருந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

சர், சி.ஐ.இ., சி.எம்.ஜி. போன்றவை என்றால் லண்டன் கெசட்டின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜனவரி 1, ஜூன் மாத இதழ்களில் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். நம் பெயர்களை அவர்கள் எழுதிய விதம் அப்படி. ராவ் பகதூர், திவான் பகதூர் என்றால் அங்கே தேடிப் பயனில்லை, இந்திய அரசின் கெசட்டைப் பார்க்க வேண்டும். வீட்டில் சனது என்ற பட்டயத் தாள் இருந்தால் அதில் தேதியும் வைஸ்ராயின் பெயரும் இருக்கும். முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள், தாள் உதிர்ந்துகொண்டிருக்கும்.